முழங்கால் நீர்க்கட்டியும் ஒரு புற்றுநோய் மருந்தும்

முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களில் சிலருக்கு, முழங்காலின் பின்பக்கக் குழியில் ஒரு புடைப்பு தோன்றுகிறது. காலை முழுவதுமாக நீட்டும்போது அது இறுகுகிறது, சப்பணமிட்டு உட்காரும்போது அழுத்துகிறது. ஸ்கேன் எடுத்தால் நீர்க்கட்டி என்று அறிக்கை வருகிறது. கட்டி என்றால் அறுவை சிகிச்சையோ, ஊசியால் நீரை எடுப்பதோதான் வழி என்று எதிர்பார்த்துச் செல்பவரிடம், மூட்டுவாத மருத்துவர் கட்டியைப் பற்றி அதிகம் பேசாமல் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எழுதித் தருகிறார். ஏற்கெனவே அதைச் சாப்பிடுபவராக இருந்தால் அளவைக் கூட்டுகிறார். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது ரத்தப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய், கீமோதெரபி ஆகிய சொற்கள்தாம். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே அலமாரியில் தங்கிவிடுவதும் உண்டு.

அந்தத் தயக்கத்துக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு நீர்க்கட்டிக்கு ஏன் மாத்திரை? அந்த மாத்திரை ஏன் ஒரு புற்றுநோய் மருந்தாக இருக்க வேண்டும்? முதல் கேள்விக்கான விடை, கட்டிக்குள் இருக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

முழங்காலின் பின்புறம் உள்ள இந்த நீர்க்கட்டிக்கு, 1877இல் இதை விரிவாக விவரித்த வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற லண்டன் அறுவை மருத்துவரின் பெயரால் பேக்கர் நீர்க்கட்டி என்று பெயர். இது புதிதாக வளரும் கட்டி அன்று. கெண்டைச்சதையின் உட்பக்கத் தலைக்கும் தொடையின் பின்தசைகளில் ஒன்றின் நாணுக்கும் இடையில், உராய்வைக் குறைப்பதற்காக ஒரு சிறு பை இயல்பாகவே அமைந்திருக்கிறது. பெரியவர்கள் பலருக்கு அந்தப் பையிலிருந்து முழங்கால் மூட்டின் உள்ளறைக்கு ஒரு குறுகிய வழி திறந்திருக்கும். மூட்டுக்குள் திரவம் மிகும்போது, காலை மடக்கி நீட்டுவதால் எழும் அழுத்தம் அந்தத் திரவத்தைப் பின்னால் தள்ளுகிறது. போன திரவம் அதே எளிமையுடன் திரும்புவதில்லை. 1970இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜேசன், டிக்சன் என்ற இரு மருத்துவர்கள் மூட்டையொட்டிய நீர்க்கட்டிகளை ஆராய்ந்து, அந்த வழி சைக்கிள் டியூபின் வால்வைப் போல ஒரு திசைக்கு மட்டும் இடங்கொடுக்கிறது என்று காட்டினார்கள். திரவத்தில் உள்ள நீர்ப்பகுதி உறிஞ்சப்பட, கெட்டியான பகுதி பைக்குள்ளேயே தேங்கிவிடுவதால், நாட்பட்ட கட்டியில் ஊசி போட்டால் சில சமயம் கூழ் போன்ற பொருளே வருகிறது.

ஆகவே பெரியவர்களிடம் காணப்படும் பேக்கர் கட்டி, பெரும்பாலும் முழங்காலுக்குள் நடக்கும் வேறொன்றின் அறிகுறிதான். அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு வட்டின் கிழிவாக இருக்கலாம், முடக்குவாதமாகவும் இருக்கலாம். குழந்தைகளுக்கு வருவது வேறு வகை. அது பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். பெரியவர்களுக்குக் கட்டியை மட்டும் அறுத்து எடுத்தால் மீண்டும் வருவதற்கும், நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் மீண்டும் நிரம்புவதற்கும் காரணம் ஒன்றே: ஊற்று அடைக்கப்படவில்லை.

கட்டியைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இறுகிய கட்டி ஒரு நாள் வெடித்து, அதன் திரவம் கெண்டைச்சதைகளுக்கு இடையே கசிந்து இறங்கும்போது, கெண்டைக்கால் திடீரென வீங்கிச் சிவந்து, தொட்டால் தாங்க முடியாத வலியுடன் சூடாக இருக்கும். காலின் ஆழ்நரம்புகளில், அதாவது உட்புறச் சிரைகளில், ரத்தம் உறைந்துவிட்டால் தோன்றும் அறிகுறிகளும் கிட்டத்தட்ட இவையே. ஓரிரு நாள் கழித்துக் கணுக்கால் எலும்பின் கீழே பிறை வடிவத்தில் ஒரு நீலத் தடம் படர்ந்தால் கட்டி வெடித்திருக்கலாம் என்று அனுபவமுள்ள மருத்துவர் ஊகிப்பார். ஆனால் அந்தத் தடம் எல்லோருக்கும் வருவதில்லை. இரண்டில் எது என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். பிரித்தறிவது கட்டாயம். வெடித்த கட்டியை ரத்த உறைவு என்று தவறாக எண்ணி ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்தைத் தொடங்கினால் சதைக்குள் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். உண்மையான உறைவைக் கட்டி என்று எண்ணி விட்டுவிட்டால் அது நுரையீரலுக்குச் சென்று உயிரையே பறிக்கக்கூடும்.

மணிக்கட்டில் வரும் கேங்க்லியான் கட்டியும், தேய்ந்த மூட்டின் எலும்புக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் சிறு குழிக்கட்டிகளும் இந்தக் கதையில் சேராதவை. முன்னது மூட்டுச் சவ்வின் அழற்சியால் நீர் பெருகி உண்டாவதன்று. அதற்கு மெத்தோட்ரெக்சேட்டால் பயன் இல்லை. மூட்டு நீர்க்கட்டி என்ற ஒரே பெயரில் இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பமும் வருகிறது.

முடக்குவாதத்தில் ஊற்று எது என்பது தெளிவாகத் தெரிந்த ஒன்று. ஆரோக்கியமான முழங்காலில் மூட்டுத் திரவம் சில மில்லிலிட்டர் மட்டுமே இருக்கும். அதைச் சுரக்கும் சைனோவியம் என்ற உட்சவ்வு ஓரிரு உயிரணு அடுக்குகளே கொண்ட மெல்லிய படலம். உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டையே தாக்கத் தொடங்கும்போது, வெள்ளணுக்கள் குவிந்து, புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து, அந்தப் படலம் தடித்துத் திரைந்து, குருத்தெலும்பின் மீது ஊர்ந்து அதை அரிக்கிறது. திரவமும் பல மடங்கு பெருகிப் பின்பக்கப் பைக்குள் பாய்கிறது. இந்தச் சவ்வை அமைதிப்படுத்தும் மருந்து எதுவானாலும் அது மறைமுகமாகக் கட்டிக்கும் மருந்தாகிறது. அத்தகைய மருந்துகளில் உலகெங்கும் முதலில் எழுதப்படுவது மெத்தோட்ரெக்சேட்.

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம். இந்த மருந்தின் முன்கதை புற்றுநோயில் தொடங்கவில்லை; சோகையில் தொடங்கியது. 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளிடம் பரவலாகக் காணப்பட்ட ஒரு வகைக் கடும் சோகையை ஆராய வந்தார். குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்திலும், 1931இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் மருத்துவமனையிலும் அவர் பணிபுரிந்திருக்கிறார். ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணப்படுத்துவதை அவர் கண்டறிந்தார். அந்தச் சாற்றில் இருந்த ஊட்டப்பொருளுக்குப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. ரத்த அணுக்கள் பெருகுவதற்கு அது இன்றியமையாதது.

அந்த அமிலத்தை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் ஆடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கசப்புக்கு ஆளாகி, முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் கற்பித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறைத் தசையில் கண்டறிந்து 1929இல் வெளியிட்டார். 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு மாறினார். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றினாலும் அதன் வேலையைச் செய்யாமல் அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் போலி மூலக்கூறுகளையும் அவரது குழு அங்கே உருவாக்கியது.

அந்தப் போலிகளுக்கு ஒரு தேவை வந்தது பாஸ்டனில். குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூறியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதுபோல் தோன்றியதைக் கவனித்தார். கொடுத்தால் வளர்கிறது என்றால் தடுத்தால் ஒடுங்க வேண்டும் என்பது அவரது கணக்கு. சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து வந்த அமினோப்டெரின் என்ற போலி மூலக்கூறை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அது தற்காலிகமானதாகவே இருந்தாலும், அதற்கு முன் இந்த நோய்க்கு மருந்து என்று சொல்ல எதுவுமே இருந்ததில்லை. 1948 ஜூனில் அந்த அறிக்கை வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினைவிடக் கையாள எளிதான அதன் நெருங்கிய உறவு மூலக்கூறுதான் பின்னர் அதன் இடத்தைப் பிடித்த மெத்தோட்ரெக்சேட்.

மூட்டுகளுக்கு இது வந்த வழி இன்னும் சுற்றானது. 1951இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் குப்னர் என்ற மருத்துவர், வேகமாகப் பெருகும் அணுக்களை அடக்கும் மருந்து அழற்சியையும் அடக்கக்கூடும் என்ற எண்ணத்தில் முடக்குவாத நோயாளிகள் சிலருக்கு அமினோப்டெரின் கொடுத்தார். மூட்டு வீக்கம் குறைந்தது. நோயாளி ஒருவரின் சொரியாசிஸ் படைகளும் சேர்ந்தே மறைந்தன. தோல் மருத்துவர்கள் அந்தக் குறிப்பைப் பற்றிக்கொண்டார்கள். மூட்டு மருத்துவர்கள் கண்டுகொள்ளவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. 1948இல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை நடக்க வைத்திருந்தார்; 1950இல் அதற்கு நோபல் பரிசும் வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில், நச்சுத்தன்மைக்குப் பெயர்போன ஒரு புற்றுநோய் மருந்தை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? கார்டிசோனின் பக்கவிளைவுகள் தெரியவந்த பின்னும் அந்தத் தயக்கம் நீங்கப் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ராபர்ட் ஹாஃப்மைஸ்டர் என்ற ஒரு மருத்துவர் தன் நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறை சிறு அளவில் இதைக் கொடுத்துவந்து, 78 பேரிடம் கண்ட 15 ஆண்டு அனுபவத்தை 1983இல் வெளியிட்டார். 1985இல் பாஸ்டனில் மைக்கேல் வைன்பிளாட் குழுவினர் 28 நோயாளிகளை மட்டுமே கொண்டு, மருந்தையும் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒப்பிட்ட சோதனை, மருந்தின் பலனைக் கேள்விக்கு இடமின்றிக் காட்டியது. 1988இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முடக்குவாதத்துக்கு இதை அனுமதித்தது. முதல் குறிப்புக்கும் அனுமதிக்கும் இடையே 37 ஆண்டுகள். ஒரு மருந்தைப் பற்றிய அச்சம் அதைப் பற்றிய ஆய்வையே எவ்வளவு தூரம் தள்ளிப்போடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அச்சத்துக்கு அடிப்படையாக இருப்பது பெயர். ஆனால் பார்க்க வேண்டியது அளவை. எலும்புப் புற்றுநோய்க்கு இதே மெத்தோட்ரெக்சேட், உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 12 கிராம் என்ற கணக்கில் சிரை வழியே ஏற்றப்படுகிறது. வளர்ந்த ஒருவருக்கு அது ஒரே தடவையில் 20 கிராமை நெருங்கும். அந்த அளவில் அது கொல்லும் மருந்துதான். நல்ல அணுக்களைக் காப்பாற்ற லியூகோவோரின் என்ற மாற்று மருந்தை உரிய நேரத்தில் கொடுக்காவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை கொடுப்பது 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. 20 கிராமுக்கும் 20 மில்லிகிராமுக்கும் இடையே உள்ளது ஆயிரம் மடங்கு வேறுபாடு.

அளவு மட்டுமன்றி, வேலை செய்யும் விதமும் மாறுகிறது. பெரிய அளவில் இது அணுக்கள் டி.என்.ஏ. உருவாக்குவதைத் தடுத்து அவற்றை மடியச் செய்கிறது. சிறிய அளவில் பலன் தருவதும் அதே வழியால்தான் என்றால், கூடவே ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தால் பலன் அற்றுப்போக வேண்டும். அப்படி நடப்பதில்லை, வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் நொதி உயர்வு போன்ற தொல்லைகள் குறைகின்றன, மூட்டுக்குக் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. புரூஸ் குரோன்ஸ்டைன் உள்ளிட்டோரின் ஆய்வுகள் இதற்கு வேறொரு விளக்கத்தைத் தருகின்றன. மெத்தோட்ரெக்சேட் உயிரணுவுக்குள் நுழைந்ததும் அங்கே குளூட்டமேட் வால்கள் சேர்ந்து நீண்ட வடிவமாக மாறி, வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. அந்த வடிவம் ஒரு நொதியைத் தடுக்க, அதன் விளைவாக அடினோசின் என்ற மூலக்கூறு அணுவுக்கு வெளியே மிகுதியாகச் சேர்கிறது. அடினோசின் வெள்ளணுக்களின் கொதிப்பைத் தணிக்கும் இயற்கையான சமிக்ஞை. சுப்பாராவ் தசையில் கண்ட ஏ.டி.பி.யின் முதுகெலும்பும் இதே அடினோசின்தான். தன் இரு கண்டுபிடிப்புகளும் பல ஆண்டுகள் கழித்து ஒரு முழங்காலுக்குள் சந்திக்கும் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. மாத்திரையின் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிப்பதற்கும், வாரம் ஒருமுறை போதுமானதாக இருப்பதற்கும் காரணம் அணுவுக்குள் நிகழும் இந்த மெதுவான சேமிப்பே.

முடக்குவாதச் சவ்வில் இது வேலை செய்கிறது என்பதால், எல்லா வகை முழங்கால் நீருக்கும் இது வேலை செய்யும் என்று கொள்ளலாமா? பேக்கர் கட்டி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முடக்குவாதம் இல்லை, தேய்மானமே இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி முக்கியமானது. தேய்மானத்திலும் சவ்வில் ஓரளவு அழற்சி உண்டு என்று ஸ்கேன்கள் காட்டியதிலிருந்து அண்மைக் காலத்தில் சில நல்ல சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில், கைவிரல் மூட்டுகளில் தேய்மானத்தோடு அழற்சியும் இருந்த 97 பேரிடம் வாரம் 20 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்த சோதனை 2023இல் லான்செட் இதழில் வெளியானது. வலி போலி மாத்திரையைவிடத் தெளிவாகக் குறைந்தது. பிரிட்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 155 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான சோதனையிலும் ஆறாவது மாதத்தில் வலி குறைந்தது. ஆனால் போலி மாத்திரையோடு ஒப்பிட்டால், பத்துப் புள்ளி அளவுகோலில் அந்த வேறுபாடு ஒரு புள்ளிக்கும் குறைவே. நம் பொருளுக்கு மிக நெருக்கமானது சீனாவில் நடந்தது. முழங்கால் தேய்மானத்தோடு மூட்டுக்குள் நீர் கோத்திருந்த 215 பேரைத் தேர்ந்து, ஓராண்டு காலம் வாரம் 15 மில்லிகிராம் வரை கொடுத்து, வலியை மட்டுமன்றி நீர் தேங்கிய பரப்பையும் எம்.ஆர்.ஐ.யில் அளந்தார்கள். போலி மாத்திரைக்கும் மருந்துக்கும் வேறுபாடு தெரியவில்லை.

தேய்மானத்தால் வந்த பேக்கர் கட்டிக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதுவதற்கு இன்றைய ஆய்வுகள் இடம் தரவில்லை என்பதே இவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு. விரல் மூட்டில் கிடைத்த நல்ல முடிவை முழங்காலுக்கு நீட்டிப் பார்ப்பவர்கள், சீனச் சோதனையை முதலில் படிப்பது நல்லது. முடக்குவாதத்தால் வந்த கட்டி வேறு; அங்கே மருந்து கட்டிக்காக எழுதப்படுவதே இல்லை, நோய்க்காக எழுதப்படுகிறது. நோய் அடங்கினால் ஊற்று குறைகிறது, கட்டியும் பெரும்பாலும் சுருங்குகிறது. அதுவரையிலான வாரங்களைக் கடக்க முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கம். ஊசி போடப்படுவது மூட்டுக்குள்தான், ஆனால் பின்னால் உள்ள கட்டியும் சிறுத்துப்போவதை அல்ட்ராசவுண்ட் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. கட்டி மூட்டைச் சார்ந்தே வாழ்கிறது என்பதற்கு அதுவே நேரடிச் சான்று. மெத்தோட்ரெக்சேட்டையே நேராக மூட்டுக்குள் செலுத்திப் பார்த்தவர்களும் உண்டு. அது ஸ்டீராய்டை விஞ்சவில்லை.

பக்கவிளைவுகளைப் பற்றி இன்று ஊகத்தால் பேச வேண்டியதில்லை. மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்ப்பதற்காக 4,786 இதய நோயாளிகளிடம் இதே சிறிய அளவு சோதிக்கப்பட்டு, 2019இல் முடிவு வெளியானது. மாரடைப்பு குறையவில்லை. ஆனால் முடக்குவாதம் இல்லாத இத்தனை பேரிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததால், தொல்லைகளில் எது மருந்தால் வருகிறது, எது நோயால் வருகிறது என்பது முதன்முறையாகப் பிரிந்து தெரிந்தது. கல்லீரல் நொதிகள் உயர்வது, ரத்த அணுக்கள் ஓரளவு குறைவது, வயிற்றுத் தொந்தரவு, அரிதாக நுரையீரல் அழற்சி ஆகியவை மருந்தின் கணக்கில் சேர்ந்தன. தோல் புற்றுநோயும் சற்றுக் கூடியது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, படுக்கையில் கிடக்க நேரும் என்று கீமோதெரபி என்ற சொல் எழுப்பும் படம் இந்த அளவுக்குப் பொருந்தாது. முதல் சில மாதங்கள் அடிக்கடியும் பின்னர் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைச் செய்யச் சொல்வது மேற்சொன்னவற்றை முன்கூட்டியே பிடிப்பதற்காகத்தான். மது அருந்துபவர்களும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களும் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

உண்மையில் ஆள்களைக் கொன்றிருப்பது வேறொரு தவறு. வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய மாத்திரையை, மற்ற எல்லா மாத்திரைகளையும் போலத் தினமும் எடுத்துவிடுவது. சில நாள்களிலேயே வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் வீழ்ந்து, தொற்று பற்றிக்கொள்கிறது. இது பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்ததால், ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இதற்கென்றே புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. மருந்துச் சீட்டில் வாரம் ஒன்று என்று எழுதுவதைவிட ஞாயிறு என்றோ புதன் என்றோ கிழமையைக் குறிப்பதும், ஃபோலிக் அமிலத்துக்கு வேறு கிழமையை ஒதுக்குவதும் நல்ல வழக்கம். இரண்டும் மஞ்சள் நிறத்தில் சிறியனவாக இருந்துவிட்டால், வயதானவர் வீட்டில் அவை இடம் மாறிப்போவது எளிது. ஆகவே மருந்துக்கடையில் ஒரே காகித உறையில் போட்டுத் தந்தால் வேறு உறை கேட்டு வாங்கலாம். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எளிதில் தரப்படும் கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் ஃபோலிக் அமில வழியையே தடுப்பதால், இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை முடங்கக்கூடும். வேறு எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை முதலில் சொல்ல வேண்டும். கருவுக்கு இது கடும் தீங்கு விளைவிப்பது. கருக்குழாயில் தங்கிய கருவைக் கலைக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் சில மாதங்கள் முன்பே மருத்துவரிடம் கலந்து இதை நிறுத்தி, கருவுற்ற காலத்திலும் எடுக்கத்தக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசீன் போன்ற வேறு மருந்துகளுக்கு மாறிக்கொள்ள முடியும்.